மேடுபள்ளமான தரையில் வாசற்கதவின் அடி இடைவெளியை அடைப்பது எப்படி?

வாசற்கதவை மூடிய பிறகும் அதன் அடியில் வெளிச்சம் தெரிந்தால், பெரும்பாலானோர் முதல் வேலையாகக் கடைக்குப் போய் ஒரு ரப்பர் பட்டை வாங்கி வருகிறார்கள். தரை சமமாக உள்ள வீட்டில் அது போதும். ஆனால் பல்லாண்டு மிதிபட்டு நடுவில் குழிந்துபோன கடப்பைக்கல் வாசலிலும், சிவப்பு ஆக்சைடு தரை ஒரு பக்கமாக இறங்கிவிட்ட வீட்டிலும், பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டியதால் உள்பக்கம் உயர்ந்துவிட்ட வீட்டிலும், அதே பட்டை ஒரு மூலையில் தரையை உரசும், இன்னொரு மூலையில் தரையைத் தொடாமல் தொங்கும். கதவைப் பாதி திறப்பதற்குள் எங்காவது சிக்கி நிற்கும். ஆகவே அளந்து முடிக்கும்வரை எதையும் வாங்க வேண்டாம். மூன்று அளவுகள் கையில் இருந்தால் எந்த முறை பொருந்தும் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

பழைய வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அக்கால வாசக்காலில் நான்கு பக்கமும் கட்டை இருக்கும். கதவு உள்ளிருந்து வந்து கீழ்க்கட்டையில் முட்டி நிற்கும். தரை எப்படி இருந்தாலும் அடைப்புக்கு உதவியது அந்தக் கட்டைதான். இப்போது பெரும்பாலான வாசக்கால்கள் மூன்று பக்கக் கட்டையோடு வருகின்றன. கதவின் அடிக்கும் தரைக்கும் நடுவில் எதுவும் இல்லை. அந்த இடைவெளி 6 மி.மீ. இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும், 12 மி.மீ. இருந்தால் பெரிய எலிக்கும் வழி கிடைத்துவிடும். தேளுக்கும் பூரானுக்கும் இதைவிடக் குறைவான இடம் போதும். இரவில் இரைதேடி வீட்டுக்குள் வரும் கட்டுவிரியன் ஒல்லியான பாம்பு என்பதை, தோட்டமும் வயலும் சூழ்ந்த வீடுகளில் தரையில் படுத்துறங்குபவர்கள் மறக்கக் கூடாது.

கோணல் தரையிலா, கதவிலா?

இடைவெளி சீராக இல்லை என்றதும் தரையைக் குறை சொல்லிவிட வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு அதன் மேல்விளிம்பைப் பாருங்கள். மேல்கட்டைக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளி கீல்பக்கத்தில் குறைவாகவும் பூட்டுப்பக்கத்தில் அதிகமாகவும் இருந்தால், கதவு தொங்கியிருக்கிறது என்று பொருள். கனமான தேக்குக் கதவுகளில் மேல்கீலின் திருகாணிகள் தளர்வதால் இது நேர்கிறது. திருகாணித் துளை பெரிதாகியிருந்தால், மரப்பசை தடவிய குச்சிகளை அதில் இறுக்கமாக அடித்து, பசை காய்ந்தபின் விளிம்போடு வெட்டி, 50 மி.மீ. திருகாணிகளால் மீண்டும் முடுக்க வேண்டும். அதன்பிறகும் பூட்டுப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால், கீழ்க்கீலைக் கழற்றி அதன் தகட்டுக்குப் பின்னால் ஒரு தடித்த அட்டைத்துண்டை வைத்து முடுக்கினால், கதவின் அடிப்பகுதி வெளியே தள்ளப்பட்டு பூட்டுப்பக்கம் மேலெழும். தொங்கும் கதவில் பட்டை பொருத்தினால், கதவு மேலும் இறங்க இறங்கப் பட்டையும் இறங்கித் தரையைத் தேய்க்கத் தொடங்கும்.

மழைக்காலத்தில் கதவு உப்பி இடைவெளி தானாகக் குறைந்துவிடும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். மரம் இழையின் குறுக்கேதான் உப்புமே தவிர, இழை ஓடும் திசையில் ஏறக்குறைய நீளுவதே இல்லை. கதவின் உயரத்தைத் தீர்மானிக்கும் நெடுஞ்சட்டங்களில் இழை மேலும் கீழுமாக ஓடுவதால், ஐப்பசி மழையில் கதவு அகலத்தில் இறுகுமே ஒழிய, அடி இடைவெளி குறிப்பிடும்படி மாறாது. இதில் ஒரு வசதியும் உண்டு: அடி இடைவெளியை எந்தப் பருவத்திலும் அளக்கலாம்.

அளக்கும் முறை

எஃகு அளவுநாடா, ரசமட்டம், வளைவில்லாத அலுமினியச் சதுரக் குழாய் ஒன்று, பென்சில், ஒட்டுநாடா ஆகியவை வேண்டும். குறுகிய இடைவெளிக்குள் நாடா நுழையாது. அதற்குப் பிளைவுட் துண்டுகளே நல்ல அளவுகோல். கடைகளில் 4, 6, 9, 12 மி.மீ. தடிமன்களில் பிளைவுட் கிடைப்பதால், தச்சுப் பட்டறையில் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நுண்ணிய வேறுபாட்டுக்கு வங்கி அட்டை உதவும். அதன் தடிமன் 0.76 மி.மீ. என்பது உலகெங்கும் ஒரே அளவு.

கதவைச் சாத்திவிட்டு, அதன் அடிவிளிம்பை ஒட்டி நெடுக ஒட்டுநாடா ஒட்டி, 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் இடைவெளியை அளந்து நாடாவின் மேலேயே எழுதுங்கள். இவற்றில் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் முதல் இரண்டு அளவுகள். மூன்றாவது அளவைத்தான் பலரும் எடுப்பதில்லை. கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் திறந்து, அது கடக்கும் வழியில் தரை எங்கே மிக உயர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 9 மி.மீ. துண்டைக் கதவின் அடியில் பூட்டுப்பக்க முனையில் ஒட்டிவிட்டு மெல்லத் திறந்தால், அது எங்கே தரையைத் தொடுகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறித்துவிடலாம். பிறகு 6, 4 என்று குறைத்துக்கொண்டே போனால் அவ்விடத்தின் இடைவெளி கிடைத்துவிடும். பூட்டுப்பக்க முனைதான் அதிகத் தூரம் சுற்றுகிறது என்றாலும், கதவின் நடுப்பகுதியும் ஒரு மேட்டைக் கடக்கக்கூடும் என்பதால் அங்கும் ஒருமுறை சோதிப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மூடிய நிலையில் கீல்பக்கம் 8, நடுவில் 17, பூட்டுப்பக்கம் 10 மி.மீ.; திறக்கும் வழியில் மிகக் குறைந்த இடைவெளி 4 மி.மீ. வாசற்கல் தேய்ந்து, உள்ளே டைல்ஸ் உயர்ந்த வீட்டுக்குரிய எண்கள் இவை. நடுவிலுள்ள 17 மி.மீ.ஐ அடைக்கும் அளவுக்கு ஒரு பட்டையைத் தொங்கவிட்டால், அது 4 மி.மீ. மட்டுமே உள்ள இடத்தைக் கடந்து போக வேண்டியிருக்கும். கெட்டியான ரப்பர் அங்கே மடங்கிக் கிழியும். பிரஷ் பட்டையின் மயிர் படிந்து வளைந்து, சில மாதங்களில் வளைந்தபடியே நின்றுவிடும்.

பொதுவாக என் கணிப்பு இது: மூடிய நிலையின் பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வேறுபாடு 3 மி.மீ.க்குள் இருந்து, திறக்கும் வழியிலும் மேடு இல்லையென்றால், சாதாரண ரப்பர் பட்டையே போதும். வேறுபாடு 3 முதல் 10 மி.மீ. வரை இருந்து, வழியில் தடை இல்லையென்றால், தரையின் வடிவத்துக்கு வெட்டிய பட்டை அல்லது பிரஷ் பட்டை பொருந்தும். வழியில் மேடு இருந்தால், வேறுபாடு எவ்வளவாக இருந்தாலும், கதவின் அடியில் தொங்கும் எந்தப் பட்டையும் சரிவராது. கதவு வந்து முட்டும்படி வாசலில் எழுப்பும் முட்டுக்கட்டையோ, கதவு மூடும்போது மட்டும் தானே இறங்கும் அடைப்பானோதான் வழி.

தரையின் வடிவத்துக்கு வெட்டிய பட்டை

கதவின் அடியையே தரைக்கு ஏற்ப வெட்டிவிடலாம் என்று தச்சர் சிலர் சொல்வதுண்டு. அதை நான் பரிந்துரைப்பதில்லை. வெட்டு தவறினால் கதவு போய்விடும். இருபுறமும் பலகைத் தகடு ஒட்டிய தட்டையான பிளஷ் கதவில் அடிச்சட்டத்தைத் தாண்டி வெட்டினால் உள்ளிருக்கும் நிரப்புப்பொருள் வெளிப்பட்டுவிடும். இரும்புக் கதவிலும் உள்ளே கூடான யுபிவிசி கதவிலும் வெட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பதிலாக, கதவின்மேல் திருகும் தனிப் பட்டையைத் தரைக்கேற்ப வெட்டினால், தவறு நேர்ந்தாலும் ஒரு பட்டையின் விலையோடு போகும்.

அலுமினியப் பிடியும் அதில் செருகிய ரப்பர் நாக்கும் கொண்ட பட்டையைத் தேர்ந்தெடுங்கள். திருகாணித் துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்க வேண்டும். பின்னால் ஏற்றி இறக்க அவைதான் இடம் தரும். நீளம் வாங்கும்போது வாசக்காலின் அளவைச் சொல்லாமல் கதவின் அகலத்தைச் சொல்லுங்கள். மூன்றரை அடி வாசக்கால் என்பது வெளியளவு. கதவு அதைவிடச் சில அங்குலம் குறைவாகவே இருக்கும். கதவு உள்ளே திறப்பதானால் பட்டை உள்முகத்திலும், வெளியே திறப்பதானால் வெளிமுகத்திலும் வர வேண்டும்.

இனி வேலை. பட்டையை ரம்பத் தகட்டால் கதவின் அகலத்துக்கு அறுத்து, அறுத்த விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் நாக்கை மட்டும் இரு முனையிலும் 2 முதல் 3 மி.மீ. நீட்டிவிட வேண்டும், அது வாசக்காலைத் தொட்டு மூலைகளை அடைக்கும். பிடியை இரண்டு திருகாணிகளால் தற்காலிகமாக, ரப்பர் தரையின் மிக உயர்ந்த இடத்தைத் தொடும் உயரத்தில் நிறுத்துங்கள். இப்போது மற்ற இடங்களில் ரப்பர் தரையைத் தொடாமல் நிற்கும். அவற்றில் மிகப் பெரிய இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். அந்த இடைவெளியோடு 2 மி.மீ. சேர்த்த உயரமுள்ள ஒரு சிறு மரக்கட்டையின் மேல் பென்சிலைக் கிடத்தி, கட்டையைத் தரையில் அழுத்தியபடி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்தினால், பென்சில் முனை ரப்பரின்மேல் தரையின் மேடுபள்ளத்தை அப்படியே வரைந்துவிடும். கட்டையை எங்கும் தூக்காமல், சாய்க்காமல் ஒரே மூச்சில் நகர்த்துவதில்தான் நேர்த்தி இருக்கிறது. பிடியைக் கழற்றி, கூரிய பிளேடால் அந்தக் கோட்டில் வெட்டி, மீண்டும் மாட்டும்போது ரப்பர் தரையில் 1 அல்லது 2 மி.மீ. அழுந்தும்படி இறக்கிவிட்டு எல்லாத் திருகாணிகளையும் முடுக்குங்கள்.

அழுத்தம் சரியா என்று பார்க்க ஒரு தாளை ரப்பரின் கீழ் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தாள் லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். கிழிந்தால் அழுத்தம் அதிகம். தடையின்றி வந்தால் அந்த இடத்தில் காற்றும் அப்படியே வரும்.

பிரஷ் பட்டையைப் பொருத்துவது இதைவிட எளிது. மயிர்கள் தாமாகவே மேடுபள்ளத்துக்கு இணங்கும். ஆனால் தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடும் வீட்டில், கோலமாவும் ஈரமும் சேர்ந்து மயிரில் கெட்டியாகப் படிந்துவிடும். நுரைப் பஞ்சை ஒட்டும் மலிவான பட்டைகளுக்கும் இதே கதிதான்: நீரை உறிஞ்சி ஊறி, ஒட்டுப் பிரிந்து விழும். அத்தகைய வாசலில் அலுமினியமும் இபிடிஎம் எனும் செயற்கை ரப்பரும் நிலைத்து நிற்கும். கதவின் அடியில் இருபுறமும் உருளை வைத்த துணி அடைப்பான்கள் சமதளத்தில் வழுக்கிப் போகும், மேடுபள்ளத்தில் புரண்டுவிடும். வாடகை வீட்டில் திருகாணி போட முடியாத நிலையில் மட்டும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

முட்டுக்கட்டை: பழைய கீழ்க்கட்டையின் மறுவரவு

மேலே சொன்ன 8, 17, 10, 4 என்ற அளவுகளுக்கு என் முதல் தேர்வு இதுதான். தரைக்கும் கதவின் அடிக்கும் நடுவில் அடைப்பதை விட்டுவிட்டு, கதவின் வெளிமுகத்தை ஒட்டிக் கிரானைட் பட்டியால் ஒரு தாழ்ந்த கட்டையை எழுப்பினால், கதவு அதில் வந்து முட்டும். கதவின் அடி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் கவலையில்லை. உள்ளே திறக்கும் கதவு கட்டையிலிருந்து விலகியே போவதால் திறக்கும் வழியிலும் தடை இராது. வெளியே ஒரு கிரில் கேட் இருந்தால், அதன் தாழ்ப்பாள் இறங்கும் இடத்தை இந்தக் கட்டை மறைக்காதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கட்டையின் மேல்மட்டம் கதவின் அடிவிளிம்பைவிட 10 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் நம் எடுத்துக்காட்டில் அது தரையிலிருந்து கீல்பக்கம் 18, நடுவில் 27, பூட்டுப்பக்கம் 20 மி.மீ. உயரத்தில் நிற்கும். கிரானைட் பட்டியே 18 மி.மீ. தடிமன் என்றால் கீல்பக்கத்தில் கலவைக்கு இடமிருக்காது. ஆகவே மேல்மட்டத்தை 4 மி.மீ. ஏற்றி 22, 31, 24 என்று வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 50 முதல் 75 மி.மீ. அகலமுள்ள பட்டி போதும். வெளிப்பக்க மேல்விளிம்பைச் சாய்வாக இழைத்துத் தரும்படி கல் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் நீர் படும் வாசலில் மரப்பட்டி வேண்டாம்.

வாசக்காலின் இரு பக்கக் கட்டைகளுக்கும் நடுவே, மூடிய கதவின் வெளிமுகத்திலிருந்து 4 மி.மீ. தள்ளிக் கல்லின் உள்முகம் வரும்படி கோடு போடுங்கள். அந்த 4 மி.மீ. இடம், பிறகு கல்லின்மேல் ஒட்டப்போகும் 6 மி.மீ. உயர ரப்பர் பீடிங் (ஒடுக்கமான ரப்பர் விளிம்புப்பட்டை) அழுந்துவதற்கானது. பழைய ஆக்சைடு தரையும் மெருகேறிய கல்லும் எண்ணெய்ப் பிசுக்கும் பளபளப்பும் உள்ளவை. அவற்றின்மேல் நேராக ஒட்டினால் எதுவும் பிடிக்காது. கோட்டுக்குள் மட்டும் சிறு உளியால் கொத்தி, தூசியைத் துடைத்து, டைல் ஒட்டும் பசையைப் பரப்பி, கல்லை அமர்த்தி, கதவின் அடிவிளிம்புக்கு இணையாக மேல்மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். இங்கே ரசமட்டத்தைவிடக் கதவே முக்கியம். கதவின் அடி லேசாகச் சாய்ந்திருந்தால் கல்லும் அதே சாய்வில்தான் அமர வேண்டும். பசைப்படலம் எவ்வளவு தடிமன்வரை தாங்கும் என்பது உறையிலேயே அச்சிட்டிருக்கும். நடுக்குழி அதைவிட ஆழமாக இருந்தால், அந்த இடத்தை மட்டும் முதல் நாளே பாலிமர் கலந்த பழுதுபார்ப்புக் கலவையால் நிரப்பிவிட வேண்டும். வெறும் சிமெண்டை மெல்லிய படலமாகப் பூசினால் அது விரிசல்விட்டுச் சில்லுச்சில்லாகப் பெயர்ந்து வரும்.

ஒரு நாள் யாரும் மிதிக்காமல் விட்டபின், கல்லின் உள்முகத்தைத் துடைத்து உலர்த்தி, D வடிவ ரப்பர் பீடிங்கை நெடுக ஒட்டுங்கள். கல்லின் இரு முனைகளும் வாசக்காலைச் சந்திக்கும் இடங்களையும், வெளிப்பக்க அடியையும் சிலிக்கானால் அடைத்துவிட்டால் வாசல் கழுவும் நீரும் உள்ளே வராது. வெளித்தளம் வீட்டுக்கு எதிர்ப்புறமாகச் சரிந்திருக்கிறதா என்பதை ஒரு குவளை நீர் ஊற்றிப் பாருங்கள். நீர் கல்லை நோக்கி வந்தால், மழைக்கு முன் அந்தச் சரிவைத் திருத்துவதுதான் அடுத்த வேலை. எந்த ரப்பரும் தேங்கிய நீருக்கு அணையாகாது.

இடறும் ஆபத்தை லேசாக எண்ண வேண்டாம். சக்கர நாற்காலியோ, ஊன்றுகோலோ பயன்படுத்துவோர் உள்ள வீட்டில் 12 மி.மீ.க்கு மேல் எந்தத் தடையும் கூடாது, அதுவும் இருபுறமும் சாய்வாக இருக்க வேண்டும். அங்கே முட்டுக்கட்டையை விட்டுவிட வேண்டியதுதான்.

தானே இறங்கும் அடைப்பான்

கதவின் அடியில் பொருத்தும் அலுமினியப் பெட்டிக்குள் ஒரு ரப்பர்ச் சட்டம் இருக்கும். கதவு மூடும்போது கீல்பக்கத்துப் பொத்தான் வாசக்காலில் அழுந்த, சட்டம் கீழிறங்கும். கதவு திறக்கத் தொடங்கியதும் மேலேறிவிடும். ஆகவே உள்ளே தரை உயர்ந்திருப்பது இதற்குப் பொருட்டே இல்லை. விலைதான் அதிகம். இன்னொரு குறை, இறங்கும் சட்டம் நேரானது என்பது. ஒரு பக்கம் தாழ்ந்த தரைக்கு அது சாய்ந்து கொடுக்கும், நடுக்குழிக்கு வளைந்து கொடுக்காது. ஆகவே தேய்ந்த கல்லின் குழியை முதலில் நிரப்பிச் சமன்செய்த பிறகே இதைப் பொருத்த வேண்டும். நீளத்தைக் குறைக்க நேர்ந்தால் பொத்தான் இல்லாத முனையிலிருந்து, தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள் மட்டும் அறுக்க வேண்டும்.

கதவைத் திறக்கும்போது மேலே தூக்கும் ஏறுகீல்களும் உண்டு. அவற்றைப் போட்டால் கதவின் மேல்விளிம்பைக் கீல்பக்கத்தில் சரிவாக இழைக்க வேண்டும். இல்லையென்றால் எழும் கதவு மேல்கட்டையில் இடிக்கும். கனத்த வாசற்கதவுக்கு இதைத் தச்சரிடம் விட்டுவிடுங்கள்.

முடித்தபின் பார்க்க வேண்டியவை

இரவில் உள்ளே தரையில் ஒரு டார்ச்சை வைத்து, வாசல் விளக்கை அணைத்துவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். எஞ்சியிருக்கும் வெளிச்சம் பெரும்பாலும் இரண்டு மூலைகளில்தான் இருக்கும். பட்டை முடிந்து வாசக்கால் தொடங்கும் அந்தச் சிறு இடத்தில் ஒரு ரப்பர்த் துண்டை வெட்டி ஒட்ட வேண்டும். இரட்டைக் கதவானால் இரண்டும் சேரும் நடுக்கோட்டிலும் அதேபோல் பாருங்கள். எலித் தொல்லை உள்ள இடத்தில் ரப்பரைக் கடித்துவிடும் என்பதால், கதவின் வெளிமுகத்தின் அடியில் ஓர் அலுமினியத் தகடு அடிப்பது நல்லது.

மரக்கதவின் அடிவிளிம்பைக் கண்ணாடியால் பார்த்து, அங்கே வார்னிஷோ பெயின்டோ இல்லையென்றால் இப்போதே பூசிவிடுங்கள். நெடுஞ்சட்டங்களின் வெட்டுமுகம் அங்கேதான் இருக்கிறது. கதவில் நீரை மிகுதியாக உறிஞ்சும் இடமும் அதுவே.

சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். சிறிய வீட்டில் வாசற்கதவின் அடி இடைவெளி, யாரும் எண்ணாமலே ஒரு காற்றுவழியாக இருந்திருக்கக்கூடும். அதை அடைத்தபின், சமையலறையில் தரைமட்டத்தை ஒட்டிக் காற்று வெளியேற வலையடித்த ஒரு துளையாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுநாடாவில் எழுதிய அளவுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு தாளில் படியெடுத்து, வெட்டியெடுத்த ரப்பர்த் துண்டோடு சேர்த்து வையுங்கள். ரப்பர் நாக்கு வெயிலில் இறுகி வெடிக்கும்போது, அலுமினியப் பிடியைக் கழற்றாமல் பழைய நாக்கை மட்டும் உருவிவிட்டு, அதே வடிவத்தில் புதியதை வெட்டிச் செருகிவிடலாம்.